பின்வாசல் பிரயாணம்

அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரியில், 1955-ஆம் ஆண்டு ஓடிக்கொண்டிருந்த நகர பஸ்ஸில் 36 பேர் உட்காரலாம். முன்பக்கத்துப் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு உரியவை. வெள்ளையர் ஒருவர்கூட ஏறாத தடத்திலும், பின்னால் கறுப்பு மக்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்த வேளையிலும், அந்தப் பத்தும் காலியாகவே போகவேண்டும். கண்டக்டர் என்று தனியாக ஒருவர் கிடையாது. முன்வாசலில் ஏறி டிரைவரிடம் பத்து சென்ட் காசைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, வண்டியின் ஓரமாகவே நடந்துபோய்ப் பின்வாசல் வழியாக மறுபடி ஏறவேண்டும் என்று பல டிரைவர்கள் கறுப்பு மக்களைக் கட்டாயப்படுத்தினார்கள். காசு கொடுத்தவர் பின்வாசலை எட்டுமுன்பே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. யார் எங்கே உட்காருவது என்ற விஷயத்தில் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரத்தை நகரச் சட்டமே டிரைவருக்கு வழங்கியிருந்தது.

பின்பகுதியில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொழுது விடிந்ததும் தம் குழந்தைகளை மூத்த மகளிடமோ அண்டைவீட்டுக் கிழவியிடமோ ஒப்படைத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் வெள்ளையர் வீடுகளுக்குப் போய், அங்கே சமைத்து, துவைத்து, தரை தேய்த்து, அந்த வீட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்கவைத்து, இருட்டும் நேரத்துக்குத் திரும்பிவரும் வேலைக்காரப் பெண்கள் அவர்கள். மாண்ட்கோமரியில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு 63 பேர் வீட்டு வேலைக்காரிகள் என்று மார்ட்டின் லூதர் கிங் 1958-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். 1950-இல் அந்த வட்டாரத்து வெள்ளையரின் இடைநிலை ஆண்டு வருமானம் 1,730 டாலராக இருக்க, கறுப்பரின் வருமானம் 970 டாலர்தான் என்பதும் அதே நூலில் கண்ட கணக்கு. நிறம் கறுப்பாகையால் கடைக் கல்லாவும் அலுவலக மேஜையும் அவளுக்கு இல்லை; பெண்ணாகையால் எஞ்சியது பிறர் வீட்டு அடுப்படி; ஏழையாகையால் அந்த அடுப்படிக்குப் போய்ச்சேரச் சொந்தக் கார் கிடையாது. இந்த மூன்றில் எது அவளைப் பின்வாசலுக்கு அனுப்பியது என்று பிரித்துக் காட்ட முயன்றவர்கள் பலர். அந்த முயற்சி எவ்வளவு நாகரிகமான பாஷையில் நடந்தாலும், அவளுடைய ஒரு நாளைப் புரிந்துகொள்ள அது உதவாது என்பதே என் எண்ணம்.

ஏழை வெள்ளைக்காரிக்கும் கார் இல்லை. ஆனால் அவள் முன்வாசலில் ஏறி முன்னிருக்கையில் அமர்ந்தாள். தெருக் கூட்டப் போன கறுப்பு ஆணும் பின்னால்தான் நின்றான். ஆனால் ஒரு பெண்ணைப் பார்த்து மட்டுமே சொல்லக்கூடிய வசைகள் அவன் காதில் விழவில்லை. கறுப்பு டாக்டரின் மனைவியோ காரில் போய்வந்ததால் பஸ்ஸின் பக்கமே வரவேண்டியதில்லை. ஆயினும் அந்தஸ்து என்பது எவ்வளவு மெல்லிய பாதுகாப்பு என்பதற்கு ஜோ ஆன் ராபின்சனின் அனுபவமே போதும். கறுப்பு மாணவருக்கான அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்க வந்த அந்தப் பேராசிரியை, 1949 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்ட நாளில், அநேகமாகக் காலியாக இருந்த பஸ்ஸில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் வண்டியை நிறுத்தி, அடிக்கப் போவதுபோல் அவர்முன் வந்து நின்று கத்த, முன்வாசல் வழியாகவே அழுதுகொண்டு இறங்கி ஓடினார். படித்த பட்டமும் அணிந்த உடையும் அந்த ஒரு கணத்தில் எங்கே போயின? அவர் மறக்கவில்லை. 1946-இல் தொடங்கப்பட்ட மகளிர் அரசியல் குழுவின் தலைமையை ஏற்று, பஸ்ஸில் ஏறுகிறவர்களில் முக்கால்பங்கினர் கறுப்பர் என்பதையும், அவர்கள் ஏறாவிட்டால் பஸ்களை ஓட்ட முடியாது என்பதையும் 1954 மே மாதத்தில், பஸ்ஸில் எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, நகர மேயருக்குக் கடிதமாக எழுதி அனுப்பியவர் அவர்தான்.

கறுப்பினப் பெண்ணுக்கு வீட்டு வேலை என்ற இந்த விதி எப்படி வந்தது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும். 1865-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தபின், நேற்றுவரை கூலியின்றிச் செய்த வேலையையே இன்று அற்பக் கூலிக்குச் செய்யும் நிலை அந்தப் பெண்களுக்கு வாய்த்தது. அதிலும் அவர்கள் ஒரு தேர்வு செய்தார்கள். எஜமானியின் கண்பார்வையில் இரவுபகலாகச் சமையலறையில் நிற்பதைவிட, துணி மூட்டையைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்து துவைத்துக் கொடுப்பதை ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவின் ஆயிரக்கணக்கான பெண்கள் விரும்பினார்கள். கூலி மாதத்துக்கு நாலு முதல் எட்டு டாலர்தான் என்றாலும், பிள்ளைகள் கண்முன்னே விளையாடும், பேச்சுத் துணைக்கு அண்டைவீட்டுக்காரி இருப்பாள், அதிகாரம் செய்ய ஆள் இல்லை.

அந்தத் துவைப்பு எத்தகைய உழைப்பு என்பதைத் துணி வெளுக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துபோகும் நாம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திங்கட்கிழமை மூட்டைகளைச் சுமந்து வருவார்கள். பீர்ப் பீப்பாயை இரண்டாக அறுத்தால் தொட்டி. காரத்தைக் காய்ச்சிச் சோப்பு. கோதுமைத் தவிட்டிலிருந்து கஞ்சி. இவ்வளவையும் தாமே தயாரிக்கவேண்டும். கிணற்றிலிருந்தோ குழாயடியிலிருந்தோ குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, முற்றத்து அடுப்பில் அண்டாவை ஏற்றிக் கொதிக்கவைத்து, தேய்த்து, அலசி, பிழிந்து, உலர்த்தி, கஞ்சி போட்டு, அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கனத்த இரும்புப் பெட்டிகளால் சனிக்கிழமைக்குள் இஸ்திரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அதையும் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லி அனுப்புகிறவர்கள் இருந்தார்கள்.

1881 ஜூலையில் அட்லாண்டாவில் இருபது சலவைப் பெண்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் என்று ஒரே விலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடுவீடாகவும் சர்ச் சர்ச்சாகவும் போய்ப் பேசியதில் மூன்றே வாரத்தில் அந்த இருபது பேர் மூவாயிரமாகப் பெருகினார்கள். போலீஸ் சிலரைக் கைது செய்தது; சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொருத்தியும் ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் கட்டவேண்டும் என்ற யோசனை நகரசபையில் எழுந்தது. எட்டு மாதச் சம்பாத்தியமே 32 டாலரைத் தாண்டாத பெண்கள் பலர் இருந்த ஊரில், அவர்கள் மேயருக்கு எழுதிய பதிலைப் படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது: அந்த 25-ஐயோ, வேண்டுமானால் 50-ஐயோ கட்டவும் தயார், ஆனால் ஊர்த் துவைப்பு முழுவதையும் தங்கள் பொறுப்பில் விட்டுவிடவேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். கட்டண யோசனையை நகரசபை கைவிட்டது. கேட்ட கூலி எல்லாருக்கும் கிடைத்ததா என்பது வேறு விஷயம். அடிமைத்தளை நீங்கிப் பதினாறே ஆண்டு ஆன பெண்கள், தங்கள் கை ஓய்ந்தால் ஊரின் வெள்ளைச் சட்டைகள் அழுக்காகும் என்பதை ஊருக்கு உணர்த்திவிட்டார்கள்.

ஆனால் தொழில்முறைச் சலவைக்கூடங்களும் பின்னர் வீட்டு இயந்திரங்களும் வந்து அந்தச் சிறு சுதந்தரத்தையும் பறித்தபின், பெண்கள் மறுபடி எஜமானி வீட்டுக்குள்ளேயே போகவேண்டியதாயிற்று. அங்கே மிச்ச உணவும் கிழிந்த உடுப்பும் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டன. நரைத்த தலையுடைய பாட்டியையும் அந்த வீட்டுச் சிறுவன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். அவளோ அந்த வீட்டுச் சிறுமியைக்கூட மரியாதை அடைமொழி இல்லாமல் விளிக்கலாகாது. இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. வேலைக்குப் போகும் வீட்டு ஆண்களிடமிருந்தும், இருட்டிய பின் திரும்பிவரும் சாலையிலிருந்தும் பெண்ணுக்கு எழுந்த அபாயம் அது. தங்கள் பெண்களை எப்பாடு பட்டாவது படிக்கவைத்து, அந்தச் சமையலறைகளிலிருந்து காப்பாற்றவேண்டும் என்று தாய்மார்கள் துடித்ததற்கு வறுமையைவிட இந்தப் பயமே காரணம் என்று நினைக்கிறேன். 1944 செப்டம்பரில், அலபாமாவின் ஆபிவில் என்ற சிற்றூரில், இரவுப் பிரார்த்தனை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த ரீசி டெய்லர் என்ற 24 வயது இளந்தாயை வெள்ளை இளைஞர் கூட்டம் ஒன்று துப்பாக்கி முனையில் கடத்திச் சென்று சீரழித்தது. குற்றவாளிகளில் ஒருவன் ஒப்புக்கொண்ட பின்பும் வெள்ளை ஆண்களே அமர்ந்திருந்த விசாரணைக் குழு வழக்குத் தொடர மறுத்துவிட்டது. அலபாமா சட்டமன்றம் அந்த அம்மையாரிடம் மன்னிப்புக் கோரிய ஆண்டு 2011.

ரீசி டெய்லரின் வழக்கை விசாரித்து வர மாண்ட்கோமரியிலிருந்து அனுப்பப்பட்டவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் ரோசா பார்க்ஸ். கால் வலித்ததால் எழுந்திருக்காத அப்பாவித் தையற்காரி என்று அவரைச் சித்திரிக்கும் கதை, பெண் என்பவள் களைப்பால்தான் எதிர்க்க முடியும், சிந்தனையால் அல்ல என்று நம்புகிறவர்களுக்குத் திருப்தியளிக்கும் கதை. பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகச் சக பெண்களின் வாக்குமூலங்களை எழுதி எடுத்தவர், தம் முறை வந்தபோது பஸ்ஸில் அமர்ந்தபடியே இருந்தார்.

அரசு இவர்களை எப்படிப் பார்த்தது? 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில், வேலை உடுப்பைக் காகிதப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, மணிக்கு முப்பது சென்டுக்கு மிகாத கூலிக்கு யாராவது கூப்பிடுவார்களா என்று கறுப்பினப் பெண்கள் காத்து நின்றதையும், கூப்பிட்ட வீடுகளில் சிலர் கடிகார முள்ளைப் பின்னுக்குத் தள்ளிவைத்துக் கூலியை ஏய்த்ததையும் எலா பேக்கர், மார்வெல் குக் என்ற இரு பெண்களும் நேரில் கண்டு 1935 நவம்பரில் பத்திரிகையில் எழுதினார்கள். அதே 1935-இல்தான் முதுமைக்காலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இரண்டிலும் நிறத்தைப் பற்றியோ பாலைப் பற்றியோ ஒரு சொல் பாதகமாக இல்லை. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் அடங்காதபடி மட்டும் அவை அமைந்திருந்தன. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் வேறு எந்த வேலையில் இருந்தார்கள்? நிறத்தைச் சொல்லாமலே, பெண் என்று குறிப்பிடாமலே, தொழிலின் பெயரால் அவர்களைக் கோட்டுக்கு வெளியே நிறுத்த முடிந்தது. முதுமைக்காலப் பாதுகாப்பு 1950-இல் முறையான வீட்டு வேலையாட்களுக்கு நீட்டப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கு 1974 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இதைச் சொன்ன பிறகு, கறுப்புச் சமுதாயத்துக்கு உள்ளேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, 1955 மார்ச் 2-இல், அதே ஊர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்து, கையில் விலங்கு பூட்டப்பட்டு இழுத்துச் செல்லப்பட்டவள் கிளாடெட் கோல்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. அவளை வளர்த்தவர்களில் ஒருவர் வீட்டு வேலைக்காரி, மற்றவர் புல்வெட்டும் தொழிலாளி. இந்த வழக்கைப் போராட்டத்தின் முன்னணியில் வைக்கத் தலைவர்கள் தயங்கினார்கள். அவள் சிறு பெண், உணர்ச்சிவசப்படுகிறவள், ஏழைப் பேட்டைக்காரி, நிறமும் சற்றுக் கூடுதல் கறுப்பு. அதோடு அந்த ஆண்டே மணமாகாமல் கர்ப்பமும் ஆனாள். எதிரியின் கையில் ஆயுதம் கொடுக்கலாகாது என்ற அவர்களுடைய யுக்தி எனக்குப் புரிகிறது. வெள்ளைப் பத்திரிகைகள் அந்தப் பெண்ணைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆயினும், ஒரு பெண்ணின் தைரியத்தை அங்கீகரிப்பதற்குமுன் அவளுடைய ஒழுக்கமும், வீட்டின் நிலைமையும், தோலின் சாயலும் எடைபோடப்பட்டன என்பதும், எந்த ஆணுக்கும் அத்தகைய பரீட்சை வைக்கப்படவில்லை என்பதும் மனத்தை வருத்துகின்றன. பஸ்களில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய வழக்கில் இறுதிவரை நின்றவர்கள் ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் என்ற நான்கு பெண்கள். 1956 நவம்பரில் உச்சநீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்பு அவர்களுடைய பெயரால் கிடைத்தது. கோல்வின் பிறகு நியூயார்க் சென்று, முதியோர் இல்லத்தில் செவிலியர் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். சிறுமியாக இருந்தபோது எழுதப்பட்ட குற்றப் பதிவு 2021-இல், அவருக்கு 82 வயதானபோதுதான், அழிக்கப்பட்டது.

பார்க்ஸ் கைதானதை அடுத்துக் கறுப்பு மக்கள் தொடங்கிய பஸ் பகிஷ்காரம் 381 நாட்கள் நடந்தது. பார்க்ஸ் கைதான அன்றிரவே கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடிய நின்று, பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு, மறுநாள் வகுப்புகளுக்கிடையே ஊர் முழுதும் சேர்ப்பித்தவர் ஜோ ஆன் ராபின்சன். மேடையேறிப் பேசியவர்கள் பெரும்பாலும் பாதிரிமார்கள். மழையிலும் குளிரிலும் மைல் கணக்கில் நடந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்காரப் பெண்கள். எஜமானி கேட்டால், தான் போராட்டத்தில் இல்லை, கலவரத்துக்குப் பயந்து பஸ்ஸில் ஏறவில்லை என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு, மாலையில் சர்ச்சுக் கூட்டத்துக்குப் போனார்கள். வேலைக்காரி வராவிட்டால் வீடு நடவாது என்பதால் வெள்ளை இல்லத்தரசிகள் பலர் தாமே கார் ஓட்டிக்கொண்டு அவர்களை அழைத்துவரப் போனார்கள். மேயர் இதைக் கண்டித்தபோது, அப்படியானால் துவைக்கவும் சமைக்கவும் மேயரே வரட்டும் என்று சில பெண்கள் சொன்னதாக, அந்த ஊரில் வாழ்ந்து கறுப்பரின் பக்கம் நின்ற வெள்ளைப் பெண்மணி விர்ஜினியா டர் நினைவுகூர்ந்திருக்கிறார். அதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். யார் யாரை நம்பி வாழ்கிறார் என்பது வெளிப்பட்ட தருணம் அது.

ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்மணியைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். ஆறு குழந்தைகளின் தாய். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. பிரசவம் பார்ப்பதும் உண்டு. 1955 அக்டோபரில் ஒரு டிரைவர் அவரிடம் காசு வாங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, அவர் போய்ச்சேருமுன் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டார். அன்றோடு அவர் பஸ் ஏறுவதை விட்டார்; ஊர் பகிஷ்காரம் அதற்குப் பிறகுதான் வந்தது. பகிஷ்காரத்துக்காகக் கிங் மீது 1956 மார்ச்சில் நடந்த வழக்கில் இதைக் கூண்டேறிச் சொன்னதற்காக வேலையை இழந்தார். போராட்டக்காரர்களை ஏற்றிச்சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போடப் பணம் வேண்டும். இவரும் தோழிகளும் கோழி வறுத்து ரொட்டிக்குள் வைத்தும், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் கேக்கும் சுட்டும் விற்று, வாரந்தோறும் கூட்டத்தில் காசைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சமைத்தவள் யார், வாங்கியவர் யார் என்று எவரும் சொல்லவேண்டாதபடி தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’ என்று பொருள்படப் பெயர் வைத்துக்கொண்டார்கள். வேலை செய்த வீடுகளில் பெயர் வெளிப்பட்டால் மறுநாள் அடுப்பு எரியாதே. வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளையரும் இருந்தார்கள். எந்தச் சமையலறை அந்தப் பெண்களைக் கட்டிப்போட்டதோ அதன் வித்தையைக் கொண்டே அவர்கள் ஒரு போராட்டத்துக்குத் தீனி போட்டார்கள்.

நிறம், பால், வறுமை என்ற இந்த மூன்று கட்டுகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று 1949-லேயே எழுதியவர், டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லமில் வளர்ந்த கிளாடியா ஜோன்ஸ். தொழிலாளி, கறுப்பர், பெண் என்ற மூன்று நிலையிலும் ஒடுக்கப்பட்டவளைக் கண்ணெடுத்துப் பாராத இடதுசாரி இயக்கத்தையே அவர் கடிந்துகொண்டார். அவரை 1955-இல் அமெரிக்கா நாடுகடத்தியது. நீதிமன்றங்களுக்கோ அவருடைய கருத்து எட்டவேயில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்றில் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பின்னால் எடுத்தவர்களை, கடைசியில் வந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்ற விதியைக் காட்டி, ஆட்குறைப்பின்போது வெளியேற்றினார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-இல் மிசௌரி நீதிமன்றம் சொன்னது: பெண்களை எடுத்திருக்கிறார்களே, ஆகவே பால் பேதம் இல்லை, இனப் புகாரை அந்த நிறுவனத்தின்மேல் உள்ள வேறொரு இன வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம், இரண்டையும் கலந்து புதிதாக ஒரு வகையைச் சட்டம் ஏற்காது. எடுக்கப்பட்ட பெண்கள் வெள்ளையர் என்பது நீதிபதிக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. முப்புரியாக முறுக்கிய கயிற்றால் கட்டுண்டவளிடம் எந்தப் புரி வலிக்கிறது என்று தனித்தனியே கேட்பது போன்ற தீர்ப்பு அது. இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான் கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989-இல் தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அதன்பின் இந்தச் சிந்தனை பல்கலைக்கழகங்களில் பரவியது.

பல்கலைக்கழகத்துக்கு வருமுன் அது பஸ்ஸில் வந்தது என்பதற்கு டாரத்தி போல்டன் சாட்சி. அட்லாண்டாவில் பிறந்து, ஒன்பது வயதில் பிறர் வீட்டுக் குழந்தைகளின் துணி துவைக்கப் புறப்பட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியை வீட்டு வேலையில் கழித்த அவர், வேலைக்காரப் பெண்களுக்குச் சங்கம் அமைக்க நினைத்தபோது, அவர்களை ஒருசேரச் சந்திக்கக்கூடிய தொழிற்சாலை வாசல் இல்லை என்பதைக் கண்டார். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு வீட்டின் கதவுக்குப் பின்னால் தனியே அடைந்து கிடந்தாள். அவர்கள் கூடும் இடம் ஒன்றுதான் இருந்தது. விடியற்காலையில் ஊரின் பஸ் தடங்களில் மாறி மாறி ஏறி, பக்கத்தில் அமர்ந்தவளிடம் எத்தனை மணி நேரம் உழைக்கிறாய், என்ன தருகிறார்கள் என்று பேச்சுக் கொடுத்து, 1968-இல் அவர் அந்தச் சங்கத்தை நிறுவினார். சேரும் ஒவ்வொருத்தியும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பது நிபந்தனை. எஜமானியிடம் எப்படிப் பேசி என்ன கேட்பது என்று அவர் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் கேட்டது நாளொன்றுக்குப் பதினைந்து டாலர் கூலி. பஸ் கட்டணம் தனியாக.